கிராங்க் அறை பிரீதர் (டிராக்டர் எஞ்சின்)

கிராங்க் அறை பிரீதர் என்பது உள் எரி எஞ்சினின் கிராங்க் அறையில் சேரும் வளிமங்களை வெளியேற்றி, அவ்வறையின் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு அருகிலேயே வைத்திருக்கும் உறுப்பு ஆகும். இதனைத் தமிழில் மூச்சுக்குழல் எனலாம். எனினும் பட்டறைகளில் பிரீதர் என்ற பெயரே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அப்பெயரே கையாளப்படுகிறது. டிராக்டர்களில் பயன்படும் நான்கு வீச்சு டீசல் எஞ்சின்களின் பிரீதர், அதன் செயற்பாடு, பராமரிப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரீதர் எஞ்சினின் மிக எளிய உறுப்புகளுள் ஒன்று. பெரும்பாலான டிராக்டர்களில் அது ஒரு கம்பிவலையும் ஒரு குழாயும் மட்டுமே. ஆயினும் அது அடைபட்டால் ஆயில் சீல்கள் வழியாகவும் கேஸ்கட்டுகள் வழியாகவும் ஆயில் கசியத் தொடங்குகிறது. இக்கசிவைத் தேய்மானத்தின் அறிகுறி என்று தவறாகக் கருதி, தேவையற்ற பெரும் செலவில் எஞ்சினைப் பிரித்துவிட நேரலாம். மறுபுறம், நன்கு திறந்திருக்கும் பிரீதரிலிருந்து வெளிவரும் புகையின் அளவு, பிஸ்டன் வளையங்களின் நிலையைப் பிரிக்காமலே காட்டுகிறது. எனவே பிரீதர் ஒரே வேளையில் போக்குவழியாகவும் அளவுமானியாகவும் பயன்படுகிறது.

கிராங்க் அறையில் வளிமம் சேரும் விதம்

டீசல் எஞ்சினில் எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உச்ச அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 முதல் 100 மடங்கு வரை இருக்கும். இவ்வழுத்தத்தைத் தடுத்து நிறுத்துபவை பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள். வளையம் வெப்பத்தால் விரிவதற்கு இடம் தரும் பொருட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. இவ்விடைவெளி வழியாகவும், வளையத்தின் பள்ளம் வழியாகவும் சிறிதளவு வளிமம் ஒவ்வொரு வீச்சிலும் கீழே நழுவுகிறது. இது புளோபை எனப்படுகிறது. தமிழகப் பட்டறைகளில் இதனைப் 'பேக் கம்ப்ரஷன்' என்றும் கூறுவர். புத்தம் புதிய எஞ்சினிலும் இக்கசிவு உண்டு. அதனை முற்றிலும் நிறுத்த இயலாது.

இதன் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பெர்க்கின்ஸ் 3.152 என்பது மாஸ்ஸி பெர்குசன் 35, 135 ஆகிய டிராக்டர்களில் பயன்பட்ட மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ., வீச்சு நீளம் 127 மி.மீ.; மூன்று சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 2.5 லிட்டர். பெயரிலுள்ள 152 என்ற எண் இக்கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில், இத்தகைய எஞ்சின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் வளையங்களைக் கடந்தால்கூட, நிமிடத்துக்கு 25 லிட்டர் வளிமம் கிராங்க் அறைக்குள் வந்து சேரும். கிராங்க் அறையில் 15 லிட்டர் வெற்றிடம் இருப்பதாகவும், அதற்குப் போக்குவழியே இல்லை என்றும் கொண்டால், ஒரு நிமிடத்துக்குள் அறையின் அழுத்தம் இருமடங்காகிவிடும். நடைமுறையில் அவ்வளவு அழுத்தம் ஏறுவதில்லை. அதற்கு முன்பே ஏதேனும் ஒரு சீல் வழிவிட்டுவிடும்.

இவ்வளிமத்தில் காற்று, கரியமில வளிமம், நீராவி, புகைக்கரித் துகள், எரியாத டீசல் ஆகியன கலந்திருக்கும். சுழலும் கிராங்க் தண்டு சிதறடிக்கும் ஆயிலின் நுண்துளிகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுள் நீராவி குறிப்பிடத்தக்கது. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. இதன் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். வளையங்களைக் கடந்து வரும் சிறு பகுதி, எஞ்சின் சூடாக இருக்கும்வரை ஆவியாகவே பிரீதர் வழியாக வெளியேறும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் சிறிது நேரம் மட்டும் ஓடி நின்றுவிட்டால், ஆவி குளிர்ந்து நீராகி, ஆயிலுடன் கலந்து, பால் கலந்த தேநீரின் நிறத்தில் குழைவாகிறது. இக்குழைவு முதலில் படியும் இடங்கள் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறமும் பிரீதரின் கம்பிவலையும் ஆகும்.

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, இந்நீருடன் சேர்ந்து அமிலமாகி உலோகப் பரப்புகளை அரிப்பதும் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 தர எரிபொருள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு மட்டுமே என்பதால் அமில அரிப்பு பெரிதும் குறைந்துள்ளது. நீரால் உண்டாகும் குழைவு அவ்வாறு குறையவில்லை.

வகைகள்

கம்பிவலை மூடி: ஆயில் ஊற்றும் துளையின் மூடிக்குள்ளேயே உலோகக் கம்பிச்சுருள் திணிக்கப்பட்டிருக்கும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் இது புதுக்காற்று உள்ளே வரும் வழியாகவும் அமைந்தது. உள்ளே வரும் தூசியைப் பிடிப்பதற்காகக் கம்பிச்சுருளை ஆயிலில் நனைத்துப் பொருத்துவர்.

தொங்கு குழாய்: எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்தோ, வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரிலிருந்தோ புறப்பட்டு, கீழ்நோக்கி இறங்கித் தரைக்கு மேலே முடியும் குழாய். இதன் கீழ்முனை பெரும்பாலும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஓடும் வாகனத்தின் அடியில் பாயும் காற்று இம்முனையைக் கடக்கும்போது சிறிது உறிஞ்சல் உண்டாகி, வளிமம் இழுக்கப்படும் என்பது இதன் கொள்கை. சாலையில் விரையும் வாகனத்துக்கு இது பொருந்தும். மணிக்கு 4 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் உழும் டிராக்டருக்கு இவ்வுறிஞ்சல் இல்லை என்றே கொள்ளலாம். வளிமம் தன் சொந்த அழுத்தத்தாலேயே வெளியேற வேண்டும். ஆகவே டிராக்டரில் இக்குழாய் சிறிதும் அடைபடாமல் இருப்பது காரைவிட முதன்மையானது.

பிரிப்பான் உள்ள பிரீதர்: வளிமம் வெளியேறும் முன் தடுப்புத் தகடுகளிலோ இழை வடிகட்டியிலோ மோதுமாறு அமைக்கப்படும். ஆயில் துளிகள் பிரிந்து, ஒரு சிறு திரும்பு துளை வழியே ஆயில் சம்ப்பை அடைகின்றன.

மூடிய சுற்று: பிரிப்பானைக் கடந்த வளிமம் வெளியே விடப்படாமல், காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள உள்ளிழுப்புக் குழாயில் சேர்க்கப்பட்டு மீண்டும் எரிக்கப்படுகிறது. டர்போ பொருத்திய எஞ்சினில் டர்போவின் நுழைவாயிலில் இது சேரும். பிரிப்பான் சரிவர இயங்காவிடில் ஆயில் டர்போவின் சுழலியிலும் இடைக்குளிர்விப்பானிலும் படியும்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் நிலைமை சற்று வேறுபட்டது. மூன்று, நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஒரு பிஸ்டன் கீழிறங்கும்போது மற்றொன்று மேலேறுவதால், கிராங்க் அறையின் மொத்தக் கன அளவு அதிகம் மாறுவதில்லை. ஒற்றை சிலிண்டரில் ஒவ்வொரு சுற்றிலும் அறை சுருங்கி விரிகிறது. ஆகவே பிரீதரில் மெல்லிய தட்டாலான ஒருவழி வால்வு பொருத்தப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது வளிமம் வெளியேறும். ஏறும்போது தட்டு மூடிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. இதனால் அறைக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் நிலவி, ஆயில் வெளியே கசிவது தடுக்கப்படுகிறது. இங்கிலாந்தின் லிஸ்டர் சி.எஸ். எஞ்சினிலும், அதைப் பின்பற்றிக் குசராத்தின் இராசுகோட்டில் செய்யப்பட்ட பம்புசெட் எஞ்சின்களிலும் இவ்வமைப்பைக் காணலாம். இவ்வகையில் தட்டு வளைந்தாலோ அழுக்கால் ஒட்டிக்கொண்டாலோ, குழாய் திறந்திருந்தும் ஆயில் கசியும்.

வரலாறு

தொடக்ககால எஞ்சின்களில் கிராங்க் அறையின் வளிமம் ஒரு துளை வழியே வெளியே விடப்பட்டது. பின்னர் தொங்கு குழாய் பொதுவழக்காயிற்று. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பழைய டிராக்டர்களில், ஆவியாகாத எரிபொருள் வளையங்களைக் கடந்து ஆயிலை நீர்க்கச் செய்தது. அக்காலத்தில் கிராங்க் அறைக் காற்றோட்டம் ஆயிலின் ஆயுளோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருந்தது.

அமெரிக்காவின் லாசு ஏஞ்சலசு நகரின் புகைப்பனியைப் பற்றி 1950களில் நடந்த ஆய்வுகளுக்குப் பின்னர், பெட்ரோல் கார்களின் கிராங்க் அறையிலிருந்து வரும் ஐதரோகார்பன்களும் காற்று மாசுக்கு ஒரு காரணம் என்று உணரப்பட்டது. கலிபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1963ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலும், அவ்வளிமத்தை உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பும் வால்வு பொருத்தப்பட்டது.

டீசல் டிராக்டர்களுக்கு இம்முறை உடனே வரவில்லை. பெட்ரோல் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் திராட்டில் தகடு உண்டாக்கும் உறிஞ்சலே அவ்வால்வை இயக்குகிறது. டீசல் எஞ்சினில் பொதுவாக அத்தகடு இல்லை. வேகம் எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்தப்படுகிறது. மேலும் டீசல் எஞ்சினில் காற்று மட்டுமே அழுத்தப்படுவதால், கசியும் வளிமத்தில் எரியாத எரிபொருளும் குறைவு. இக்காரணங்களால் தொங்கு குழாய் டிராக்டர்களில் நெடுங்காலம் நீடித்தது.

அடைப்பின் காரணங்கள்

* ஆயிலில் படிந்த தூசியும் புகைக்கரியும் கம்பிவலையில் கட்டியாதல். வைக்கோல் தூசி பறக்கும் கதிரடிப்பு, உலர் நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுதல் ஆகிய வேலைகளில் இது விரைவாக நிகழும்.
* சேற்றுழவின்போது கேஜ் வீல்கள் வாரி இறைக்கும் சேறு தொங்கு குழாயின் வாயில் புகுந்து காய்ந்துவிடுதல்.
* டிராக்டர் நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்போது குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டுதல்.
* குறுகிய நேரமே ஓடும் எஞ்சினில் நீரும் ஆயிலும் கலந்த குழைவு சேர்தல்.
* இரப்பர்க் குழாய் மடங்குதல் அல்லது ஆயிலில் ஊறி உட்சுவர் ஒட்டிக்கொள்ளுதல். இது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.
* டேப்பெட் கவரின் கேஸ்கட்டை மாற்றும்போது பூசப்படும் பசை மிகுந்து, பிரீதரின் துளைக்குள் வழிந்து இறுகுதல்.

அடைப்பின் விளைவுகள்

கிராங்க் அறையின் அழுத்தம் நீர்மட்டத்தின் உயரத்தால் அளக்கப்படுகிறது. 100 மி.மீ. நீர் உயரம் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இது மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 1500 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஆயில் சம்ப்பின் மீது இது ஏறத்தாழ 15 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். ஆயில் சீலின் உதடு, சுழலும் தண்டின் மீது மிக மெல்லிய விசையுடனேயே அழுந்தியிருக்கிறது. அது ஆயில் தெறிப்பைத் தடுக்க அமைக்கப்பட்டதே தவிர, அழுத்தத்தைத் தாங்க அமைக்கப்பட்டதன்று. எனவே அழுத்தம் ஏறும்போது கிராங்க் தண்டின் முன்சீல், பின்சீல், டேப்பெட் கவர் கேஸ்கட், சம்ப் கேஸ்கட் என வலுக்குறைந்த இடம் எதுவோ அதன் வழியே ஆயில் வெளியேறும். டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து மேலே தள்ளப்படுவதும் உண்டு.

இவற்றுள் பின்சீல் கசிவு உழவரை மிகவும் பாதிக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கிளட்சு உறை, கியர்ப் பெட்டி ஆகியனவே ஒன்றோடொன்று திருகாணிகளால் இணைக்கப்பட்டு முதுகெலும்பாக அமைகின்றன. ஆகவே பின்சீலை மாற்ற, டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரித்து, கிளட்சையும் பறவைச் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். பருவ காலத்தில் இது பணச்செலவோடு வேலை நாட்களையும் பறிக்கும். பிரீதர் அடைபட்டதால் கசிந்த சீலை மட்டும் மாற்றிவிட்டுப் பிரீதரை அப்படியே விட்டால், புதிய சீலும் விரைவில் கசியும். இரு முறை சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால் பிரீதரைப் பார்க்க வேண்டும் என்பதைவிட, முதல் முறை சீல் மாற்றும் முன்பே பார்க்க வேண்டும் என்பதே சரியான நடைமுறை. கசிந்த ஆயில் கிளட்சுத் தட்டில் பட்டால் கிளட்சு வழுக்கும் என்பது மற்றொரு இழப்பு.

பராமரிப்பு

பிரீதரைத் துப்புரவு செய்யும் கால இடைவெளி அந்தந்த டிராக்டரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். கையேடு கிடைக்காவிடில், ஒவ்வொரு முறை எஞ்சின் ஆயில் மாற்றும்போதும் பிரீதரையும் கழுவுவது எளிதில் நினைவில் நிற்கும் ஒழுங்கு. தூசியும் சேறும் மிகுந்த வேலைகளில் குழாயின் வாயை நாள்தோறும் பார்ப்பது நல்லது.

1. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.
2. பிரீதரைச் சுற்றியுள்ள மண்ணையும் ஆயில் படிவையும் துடைத்த பின்னரே அதனைக் கழற்ற வேண்டும். இல்லையேல் அம்மண் கிராங்க் அறைக்குள் விழும். கழற்றிய துளையைத் தூய துணியால் மூடி வைக்க வேண்டும்.
3. கம்பிவலையை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதனைப் பயன்படுத்தலாகாது. படிவை நெருப்பில் காட்டி எரிப்பதும் தவறு. கம்பிகள் உதிர்ந்து எஞ்சினுக்குள் விழ வாய்ப்புண்டு.
4. அழுத்தக் காற்றால் ஊதுவதாயின் தூய பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி ஊத வேண்டும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.
5. காற்றை உள்ளே விடும் கம்பிவலை மூடியாயின், காய்ந்தபின் தூய எஞ்சின் ஆயிலில் நனைத்து, வடியவிட்டுப் பொருத்த வேண்டும்.
6. தாள் அல்லது இழை வடிகட்டி உள்ள பிரீதரைக் கழுவக் கூடாது. அதற்குரிய காலத்தில் வடிகட்டியை மாற்ற வேண்டும்.
7. தொங்கு குழாயைத் தனியே கழற்றி, வளையும் கம்பியில் துணி சுற்றி உட்புறத்தைத் துடைக்க வேண்டும். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் தடையின்றிக் காற்று வர வேண்டும். இரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பார்த்து, ஊறித் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.
8. பிரிப்பான் இருப்பின், ஆயில் திரும்பு துளையையும் திறந்துவிட வேண்டும். இத்துளை அடைபட்டால் பிரிந்த ஆயில் சம்ப்புக்குத் திரும்பாமல் குழாய் வழியே வெளியே சொட்டும்.
9. பழுதான கேஸ்கட்டை மாற்றி, குழாயைப் பழைய பாதையிலேயே, கீழ்முனையின் சாய்வு முன்பு இருந்த திசையிலேயே இருக்குமாறு பொருத்த வேண்டும்.

கழுவிய மண்ணெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், பழைய ஆயிலுடன் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

புகையைக் கொண்டு எஞ்சினின் நிலையை அறிதல்

பிரீதரைத் துப்புரவு செய்த பின்னரே அதன் புகையை வைத்து எஞ்சினைப் பற்றி முடிவு செய்யலாம். எஞ்சினை நன்கு சூடாகும்வரை ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலை வேளையில் வரும் மெல்லிய வெண்ணிற ஆவி பெரும்பாலும் நீராவியே. சூடானபின் அது மறைந்துவிட்டால் கவலைக்கு இடமில்லை.

எளிய சோதனை: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, அதனைத் துளையின் மேல் கவிழ்த்து வைப்பர். நல்ல எஞ்சினில் மூடி இலேசாக அதிரும். மூடி துள்ளி விழுமாயின், அல்லது புகை நீராவி எஞ்சின்போல் விட்டுவிட்டுப் பீறிடுமாயின், கசிவு மிகுதி என்று கொள்ளலாம். ஆயில் தெறிக்கும் அமைப்புடைய எஞ்சின்களில் இச்சோதனையைச் செய்யலாகாது. சூடான ஆயில் முகத்தில் தெறிக்கக்கூடும் என்பதால், துளைக்கு நேர்மேலே குனிவது எப்போதும் தவறு.

அளவுச் சோதனை: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'யூ' வடிவில் ஒரு பலகையில் பொருத்தி, பாதியளவு நீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாதவாறு இணைக்க வேண்டும். மறுமுனை திறந்திருக்க வேண்டும். இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடே கிராங்க் அறை அழுத்தம். ஏற்கத்தக்க உச்ச அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும் என்பதால், ஓர் அளவைவிட, துப்புரவுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் ஒப்பீடே பயன்மிக்கது. ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் அளந்து குறித்து வைத்தால், எஞ்சின் தேயும் விதம் தெளிவாகத் தெரியும்.

துப்புரவுக்குப் பின் அழுத்தம் தாழ்ந்து, புகையும் குறைவாக இருந்தால், கோளாறு பிரீதரில் மட்டுமே இருந்தது எனலாம். அழுத்தம் தாழ்ந்தும் புகை மிகுதியாகவே இருந்தால் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

* ஆயில் அளவு மிகுதல்: கிராங்க் தண்டு ஆயிலில் மோதி நுரைக்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேல் இருந்தால் முதலில் ஆயிலை வடிக்க வேண்டும்.
* வளையங்கள் தேய்தல், ஒட்டிக்கொள்ளுதல், உடைதல்: வடிகட்டாத காற்றுடன் வரும் தூசியே வளையத் தேய்மானத்தின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. எனவே காற்று வடிகட்டியையும் அதன் இணைப்புக் குழாய்களையும் உடன் பார்க்க வேண்டும்.
* பிஸ்டன் வெடித்தல் அல்லது துளைபடல்: கசிவு ஒரே சிலிண்டரில் இருக்கும்.
* டர்போவின் சீல் பழுது: அழுத்தக் காற்று ஆயில் திரும்பு குழாய் வழியே கிராங்க் அறைக்கு வரும். இதனை வளையத் தேய்மானம் என்று தவறாகக் கொள்வது எளிது.
* ஒவ்வொரு சிலிண்டருக்குமான அழுத்தச் சோதனை கோளாறு எந்தச் சிலிண்டரில் என்பதைக் காட்டும். இதனைச் செய்து பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பது முறையன்று.

தவறான நடைமுறைகள்

ஆயில் சொட்டுவதை நிறுத்தத் தொங்கு குழாயின் வாயில் துணியோ கட்டையோ அடைப்பது மிகப் பரவலான தவறு. சொட்டு அங்கே நின்று, சீல்களில் தொடங்கும். புகை ஓட்டுநர் பக்கம் வருகிறது என்று குழாயைக் குறுகலான இரப்பர்க் குழாயால் நீட்டுவதும், குழாய் முனையை நீருள்ள பாட்டிலில் அமிழ்த்துவதும் ஓரளவு அடைப்பதற்குச் சமமே. சொட்டும் ஆயிலைப் பிடிக்கக் கலன் வைப்பதாயின், அக்கலனுக்குக் குழாய்க்கு ஈடான திறப்பு இருக்க வேண்டும்.

பிரிப்பான் இல்லாமல் பிரீதர்க் குழாயை உள்ளிழுப்புக் குழாயில் இணைப்பது பேராபத்து விளைவிக்கும். தேய்ந்த எஞ்சினில் ஆயில் மிகுதியாக உள்ளே சென்றால், டீசல் எஞ்சின் அவ்வாயிலையே எரிபொருளாகக் கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். அப்போது டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. காற்றை நிறுத்துவதே வழி. உள்ளிழுப்பு வாயைத் தட்டையான கெட்டிப் பலகையால் மூட வேண்டும். கையாலோ தளர்ந்த துணியாலோ மூட முயலக் கூடாது. அவை உள்ளே இழுக்கப்படும்.

பாதுகாப்பு

கிராங்க் அறையின் ஆயில் மூடுபனி தீப்பற்றக் கூடியது. கப்பல்களின் பெரிய டீசல் எஞ்சின்களில் இது பேரிழப்பை உண்டாக்கியுள்ளது. 1947 செப்டம்பர் 11 அன்று வட அயர்லாந்துக் கடற்பகுதியில் சோதனை ஓட்டத்தில் இருந்த ரெய்னா டெல் பசிபிகோ என்ற கப்பலில், மிகைச்சூடான பிஸ்டனால் கிராங்க் அறைகள் வெடித்து 28 பேர் இறந்தனர். இன்று பெரிய கப்பல் எஞ்சின்களின் கிராங்க் அறைகளில் வெடிப்பழுத்தத்தை வெளிவிடும் வால்வுகள் கட்டாயமாக உள்ளன. டிராக்டர் எஞ்சினின் அறை மிகச் சிறியது என்பதால் அத்தகைய அழிவு நேராது. எனினும் மிகைச்சூடான எஞ்சினின் ஆயில் மூடியை உடனே திறப்பதும், பிரீதர் அருகே பீடி, சிகரெட் பற்றவைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 சூன் மாதத்தில் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதி செய்யப்பட்ட முதல் தொகுதியில் சேர்த்தது. பிரீதர் வழியே வருவதிலும் அப்புகையின் ஒரு பகுதி கலந்துள்ளது. எனவே மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதனை செய்யலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* டீசல் எஞ்சின்
* உழவு இயந்திரம்
* பிஸ்டன் வளையம்
* காற்று வடிகட்டி
* மசகு எண்ணெய்